தென்வரிசை

ஜனவரி 18, செவ்வாய்

நாகஜோதி என் வார்டைத் திருடிவிட்டாள்.

அவள் என் மனைவி. திருடியது அவளுக்கே இன்னும் தெரியாது. காலையில் ஆறு வீடுகளில் ரத்தம் எடுத்து லேப்பில் கொடுத்துவிட்டு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் செல்போனில் பட்டியல் வந்தது. மாநகராட்சித் தேர்தல் இட ஒதுக்கீடு. நாற்பத்தாறாவது வார்டு: பெண்கள்.

ஆறு வருடமாக இந்த வார்டுக்காக அலைகிறேன். குடிநீர்க் குழாயில் சாக்கடை கலக்கிறது என்று அறுபத்திரண்டு மனு கொடுத்திருக்கிறேன். ஒப்புகைச் சீட்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. வார்டு எல்லைகளை மாற்றி அரசாணை வந்தபோது அதை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தவன் நான் ஒருவன்தான். எந்தத் தெரு எங்கே முறிகிறது, எந்தக் கதவு எண்ணோடு நாற்பத்தாறு முடிகிறது என்று நீல அட்டை நோட்டு ஒன்றில் வரைபடமே போட்டு வைத்திருக்கிறேன். வாய்க்கால்கரைத் தெருவில் வடவரிசை வீடுகள் நம் வார்டு. எதிரே தென்வரிசை முழுக்க நாற்பத்தேழுக்குப் போய்விட்டது. அங்கே குடியிருப்பவர்களுக்கே அது தெரியாது. அதன்பிறகு ஒரு மாநகராட்சித் தேர்தல் நடந்திருந்தால்தானே தெரியும்.

மாலையில் தாவூது பாயின் மிக்சி ரிப்பேர் கடையில் குடிநீர்க் குழு கூடியது. குழு என்றால் பதினொரு பேர். பாய்தான் தலைவர். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. செத்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள்.

"ஜோதிய நிப்பாட்டுவோம்" என்றேன். நானேதான் சொன்னேன். "பேரு அவ பேரு. வேலையெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

பாய் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "தங்கமாயனும் இதத்தான தம்பி சொல்றான்."

தங்கமாயன் இங்கே பத்து வருடம் கவுன்சிலராக இருந்தவன். இப்போது அவன் மனைவியை நிறுத்துகிறான். அவள் பெயர் என்ன என்று இந்த வார்டில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். கொள்ளையடிக்க நிறுத்துவதும் தண்ணீருக்காக நிறுத்துவதும் ஒன்றா? இது வேறு.

ஜனவரி 20, வியாழன்

"நான் நிக்கணும்னு முடிவு பண்ணிட்டீங்க. என்னய யாராச்சும் கேட்டீங்களா?" என்றாள் ஜோதி.

"இப்பக் கேக்குறேன்ல."

"கேக்குற மாதிரி இல்லியே. சொல்ற மாதிரில்ல இருக்கு." கொஞ்ச நேரம் ஊசிப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, நிக்கிறேன்" என்றாள். நான் இன்னும் கொஞ்சம் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அவ்வளவு சீக்கிரம் சரி என்றது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 23, ஞாயிறு

பேச்சு எழுதிக் கொடுத்தேன். மூன்று பக்கம். எழுபத்து நான்காவது அரசியல் சட்டத் திருத்தத்தில் தொடங்கி, நிலத்தடிக் குழாய்களின் ஆயுள், மனுக்களின் தேதி வாரியான வரலாறு என்று எல்லாம் இருந்தது. இரண்டு நாள் உழைப்பு.

கடை வாசலில் நாற்பது பேர். அவள் எழுந்து, காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"எனக்குப் பேசத் தெரியாது" என்று ஆரம்பித்தாள். தெரியாது என்று ஆரம்பிப்பவர்களை நம்பக் கூடாது. "ஆடி மாசத்துலருந்து வாய்க்கால்கரைத் தெருவுல பதினேழு வீட்டுல மஞ்சக்காமாலைக்கு ரத்தம் எடுத்திருக்கேன். யாரு வீடுன்னு சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனா பதினேழு வீட்டுக்கும் ஒரே குழாய்லருந்துதான் தண்ணி வருது. பம்பு ரூமுக்கு அடுத்த வளைவுல சாக்கடையும் குழாயும் ஒண்ணு மேல ஒண்ணு போகுதுல்ல, அந்தக் குழாய்."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பதினேழில் அவள் வீடும் ஒன்றாக இருக்கும்.

என் மனுக்களில் "பலர் பாதிக்கப்பட்டுள்ளனர்" என்று எழுதியிருக்கிறேன். பதினேழு என்று எனக்கு ஏன் தெரியவில்லை? வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

"சொன்னேனே. சோறு போடும்போது ரெண்டு மூணு தடவ சொன்னேன். நீங்க மனு எழுதிக்கிட்டு இருந்தீங்க."

சாப்பிடும்போது சொன்னால் யாருக்குக் கேட்கும்.

ஜனவரி 26, புதன்

குடியரசு தினம். விடுமுறை இல்லை. தேர்தல் நேரத்தில் ஃப்ளெக்ஸ் கடைக்கு விடுமுறை விட்டால் எங்கள் முதலாளிக்கு நெஞ்சு வலி வந்துவிடும்.

தங்கமாயன் மனைவிக்கு நான்தான் பேனர் வடிவமைத்தேன். பதினைந்துக்குப் பத்து. தங்கமாயன் தலையிலிருந்து இடுப்பு வரை ஆறடி. கட்சித் தலைவர்கள் வரிசையாக மேலே. வேட்பாளர் கீழ் மூலையில், கை கூப்பியபடி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. பெயர் போடுகிற இடத்தில் "தங்கமாயன் அவர்களின் துணைவியார்" என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். "பேரு இல்லியேண்ணே" என்று போன் செய்து கேட்டேன். "துணைவியார்னாப் போதாதா?" என்றான் அவன் ஆள். இவர்களை எல்லாம் வாய்க்கால் தண்ணீரைக் குடிக்க வைக்க வேண்டும்.

மதிய இடைவேளையில் எங்கள் நோட்டீஸை வடிவமைத்தேன். ஜோதி படம் நடுவில். ஓரத்தில் என் படம், சின்னதாக. கீழே "சமூக ஆர்வலர் மாரிச்செல்வம்" என்று ஒரு வரி. தேவைக்கு மேல் ஒன்றுமில்லை.

மாலையில் பாய் கடையில் மாதிரியைப் பார்த்த ஜோதி, என் படத்தின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தாள். எடுத்தாள். மறுபடி மறைத்தாள்.

"இப்பிடி இருந்தா நல்லாருக்கு."

"ஆறு வருசமா..."

"தெரியும்ங்க. ஆனா எலெக்சன்ல யாரு நிக்கிறது?"

பாய் மிக்சி ஜாரைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். என் படம் இருந்த இடத்தில் வளைவில் கசியும் அந்தக் குழாயின் படத்தைப் போடச் சொன்னாள். போட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டைக் குழாய்க்குக் கிடைத்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜனவரி 29, சனி

வீடு வீடாகப் போனோம். நான் நோட்டீஸ் கட்டைச் சுமந்துகொண்டு பின்னால்.

எல்லா வீட்டிலும் அவளைத் தெரிந்திருக்கிறது. "ஊசிப் பொண்ணு வந்திருக்கு" என்று உள்ளே குரல் கொடுக்கிறார்கள். யாருக்கு எந்தக் கையில் நரம்பு கிடைக்கும், யார் ரத்தத்தைப் பார்த்தால் மயங்குவார் எல்லாம் அவளுக்குத் தெரியும். சந்தனமாரி கோயில் சந்தில் ஒரு கிழவர், இவளைப் பார்த்ததும் சட்டைக் கையை மேலே சுருட்டி நீட்டிவிட்டார்.

"இன்னைக்கு ரத்தம் வேணாம் தாத்தா, ஓட்டுத்தான் வேணும்."

"ரத்தமே குடுக்கிறேன், ஓட்டு என்னாத்தா பெரிசு."

சந்து முழுக்கச் சிரிப்பு. பிறகு அவர் என்னைப் பார்த்து, "தம்பி யாரு, வண்டி ஓட்டுறவரா?" என்றார்.

இந்தக் கிழவரின் சந்துக்குத் தெருவிளக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். தெருவிளக்கு மனு எண் பத்தொன்பது.

இன்னொரு வீட்டில் ஒரு அம்மாளிடம், "சுகர் டெஸ்டுக்கு வெறும் வயித்துல இருக்கேன்னு சொல்லிட்டுப் போன வாரம் ரெண்டு இட்லி சாப்பிட்டீங்கள்ல?" என்று கேட்டாள் ஜோதி. அந்த அம்மாள் வெட்கப்பட்டுச் சிரித்தது. வெளியே வந்ததும் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பொய் சொல்றவங்க கையப் பாக்க மாட்டாங்க. ஊசியையும் பாக்க மாட்டாங்க. நேரா நம்ம மூஞ்சியப் பாத்துச் சொல்லுவாங்க. தினமும் நாலு பேரு."

இதையெல்லாம் ஒரு திறமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஜனவரி 31, திங்கள்

குழாயில் தண்ணீர் வந்தது. நாலு குடம். முதல் குடம் மஞ்சள். வேறு எதுவும் எழுதுவதற்கு இல்லை.

பிப்ரவரி 2, புதன்

வேட்புமனு நிரப்பினோம். சுயேச்சை என்பதால் இந்த வார்டில் ஓட்டுள்ள ஒருவர் முன்மொழிய வேண்டும். ஸ்டெல்லா டீச்சரைக் கேட்கலாம் என்று ஜோதி சொன்னாள். நர்சரிப் பள்ளிக்கூடம் நடத்தி ஓய்ந்தவர். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவரிடம் 'அ' எழுதியவர்கள். அவர் கையெழுத்து என்றால் ஒரு மரியாதை என்றாள். என் கையெழுத்துப் போட்டால் என்ன என்று கேட்டேன். புருஷனே முன்மொழிந்தால் சிரிப்பார்களாம்.

டீச்சர் நல்ல புடவை கட்டிக்கொண்டு, பழைய வாக்காளர் அட்டையைப் பிளாஸ்டிக் உறையோடு எடுத்துக்கொண்டு வந்தார். வாய்க்கால்கரைத் தெரு, பால் பூத்துக்குப் பக்கத்து வீடு. அட்டையில் இருந்த பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் அவர் வாசிக்க வாசிக்க ஜோதி எழுதினாள். அது சட்டமன்றத் தேர்தலுக்கான எண். மாநகராட்சித் தேர்தலுக்குப் பட்டியல் வேறு, எண்ணும் வேறு. எல்லோரும் செய்கிற தப்புதான்.

"முப்பத்தோரு வருசமா இதே தெருவுல இருக்கேன். யாரும் என்னை எதுக்கும் முன்மொழியச் சொன்னதில்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் வைத்திருந்தார்.

படிவங்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. குழு அதையாவது எனக்கு விட்டு வைத்திருக்கிறது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன்.

"பாத்துட்டீங்களா?" என்றாள் ஜோதி.

"பாத்துட்டேன்" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. பார்த்தேன்.

பிப்ரவரி 3, வியாழன்

மனுத் தாக்கல் செய்தாள். மண்டல அலுவலக வாசலில் போட்டோ எடுத்தார்கள். நான் எடுத்தேன். எடுத்தவன் படத்தில் இருக்க முடியாது.

இரவு சோறு வேண்டாம் என்றேன். மோர் மட்டும் குடித்தேன்.

பிப்ரவரி 4, வெள்ளி

மனுத் தாக்கலுக்கு இன்று மூன்று மணியோடு கடைசி.

காலையில் ஜோதி ரத்தம் எடுக்கப் போகிறேன் என்று கிளம்பினாள். நான் கடைக்கு வந்தேன். நிறைய வேலை. ஒரு காதுகுத்து, இரண்டு கண்ணீர் அஞ்சலி, நாற்பத்தேழாவது வார்டு வேட்பாளர் ஒருவருக்கு நூறு சின்ன பேனர். ஒரு மணிக்குச் சாப்பிட்டேன். இரண்டு மணிக்குத் தேநீர். இரண்டே முக்காலுக்குப் போனை எடுத்தேன், சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க.

"ஏண்டா, அந்தக் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருக்க. ரயிலப் பிடிக்கணுமா?" என்றார் முதலாளி.

மூன்று அடித்தது. கண்ணீர் அஞ்சலியில் பிறந்த தேதியும் இறந்த தேதியும் இடம் மாறிப் போயிருந்தன. திருத்தினேன்.

பிப்ரவரி 5, சனி

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் என் தரப்பு யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

வேட்புமனு பரிசீலனை. வேட்பாளர், முகவர், முன்மொழிந்தவர் மட்டும் உள்ளே. முகவர் நான். டீச்சர் கையெழுத்துப் போட வந்த அன்று கட்டிய அதே நல்ல புடவையில். ஜோதி நடுவில்.

எங்கள் மனுவை எடுத்ததும் தங்கமாயனின் வக்கீல் எழுந்தார். "சார், ப்ரொபோசர் இந்த வார்டே கிடையாது. தென்வரிசை. நாப்பத்தேழு."

அதிகாரி பட்டியலைப் புரட்டினார். விரலால் மேலிருந்து கீழே தடவினார். "ஸ்டெல்லா மேரிங்கிற பேரு நாப்பத்தாறுல இல்லம்மா. முன்மொழிபவர் வார்டு வாக்காளர் இல்ல. இந்த மனு தள்ளுபடி."

டீச்சர் எழுந்து நின்றார். "சார், நான் முப்பத்தோரு வருசமா..." என்றார். "உக்காருங்கம்மா" என்றார் அதிகாரி.

எனக்கு நெஞ்சுக்குள் சில்லென்று இருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன்.

தங்கமாயன் சிரித்தான். என்னைப் பார்த்துத்தான் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ நானும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுபோலச் சிரித்தான்.

அதிகாரி அடுத்த காகிதத்தை எடுத்தார். "வே.நாகஜோதி, ரெண்டாவது செட். நேத்து ரெண்டு பத்துக்குத் தாக்கல். முன்மொழிபவர் தாவூது. வடவரிசை. பாகம் சரி, வரிசை எண் சரி. ஏற்கப்பட்டது."

ரெண்டாவது செட்டா? எது? எப்போது?

வெளியே வேப்பமரத்தடியில் பாய் உட்கார்ந்திருந்தார். குழு முழுக்க இருந்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவருக்கொருவர் தோளில் தட்டிக்கொண்டார்கள். நான் ஜோதியைத் தனியாக இழுத்துக் கேட்டேன்.

"ஒண்ணுக்கு ரெண்டா போடுறது நல்லதுன்னு பாய் சொன்னாரு. எல்லாரும் அப்பிடித்தான் போடுவாங்களாம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்களுக்கு வேல இருக்கும்னு" என்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. தன் கையைப் பார்த்துச் சொன்னாள்.

பதினொரு பேர் குழுவில் பத்துப் பேருக்குத் தெரிகிறது, அந்தக் குழுவைத் தொடங்கியவனுக்குத் தெரியவில்லை. கட்டின புருஷனை நம்பாமல் மிக்சிக்காரரை நம்புகிறாள். இது துரோகம். வேறு எந்த வார்த்தை போட்டாலும் பொருந்தாது.

பிப்ரவரி 7, திங்கள்

சின்னம் ஒதுக்கினார்கள். தண்ணீர்க் குழாய் கேட்டாள். குலுக்கலில் அது வேறொரு சுயேச்சைக்குப் போய்விட்டது. இவளுக்குச் சுவர்க் கடிகாரம்.

பாய் கடையில் உட்கார்ந்து கடிகாரம் வரைந்தேன். முட்களைப் பத்து மணி பத்து நிமிடத்தில் வைத்தேன். விளம்பரங்களில் அப்படித்தான் வைப்பார்கள்.

ஜோதி பார்த்தாள். "ரெண்டு பத்துன்னு வைங்க."

"ஏத்தா, அதுல என்ன விசேசம்?" என்றார் பாய்.

"நல்ல நேரம் பாய்."

இரண்டு பத்தில் வைத்தேன். ஆயிரம் நோட்டீஸ். ஆயிரம் கடிகாரம். எல்லாவற்றிலும் மணி இரண்டு பத்து.

பிப்ரவரி 9, புதன்

ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்கு வந்திருந்தார். ஜோதி இல்லை. சனிக்கிழமையிலிருந்து அவர் வெளியே வரவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"எல்லாரு முன்னாடியும் வச்சு என் பேரு இல்லைன்னு சொன்னாங்களே தம்பி. பால் பூத்துக்காரன் கூடக் கேக்குறான், டீச்சர் நீங்க எந்த ஊருன்னு."

அரசாங்கத்தின் லட்சணம் இது என்று சொன்னேன். ஒரு தெருவை நடுவில் கிழித்து இரண்டு வார்டாக்கிவிட்டு, குடியிருப்பவர்களுக்கு ஒரு காகிதம்கூடக் கொடுக்காத நிர்வாகம் என்றேன். சொன்னது அத்தனையும் உண்மை. எழுதினால் ஒரு மனுவுக்கு ஆகும்.

டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்தக் காகிதத்தக் கையில வச்சுக்கிட்டு நீங்கதான தம்பி எங்க தெருவுல வீடு வீடா எண்ணுனீங்க? எங்க வீட்டு வாசல்ல நின்னு தண்ணி வாங்கிக் குடிச்சீங்களே" என்றார்.

"அது ரெண்டு வருசம் ஆச்சு டீச்சர். ஞாபகம் இல்ல."

"அப்பிடியா" என்றார். ஒரு பிள்ளை வீட்டுப்பாடத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லும்போது சொல்வாரே, அந்த 'அப்பிடியா'. நானும் அவரிடம் படித்தவன்தான்.

பிப்ரவரி 11, வெள்ளி

பம்பு ரூம் முக்கில் கூட்டம். இருநூறு பேருக்கு மேல் இருக்கும். தங்கமாயன் பக்கம் பிரியாணி போட்டும் அவ்வளவு பேர் இல்லை.

ஜோதி இப்போது நன்றாகப் பேசுகிறாள். இதை எழுதாமல் இருக்க முடியாது. கையில் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு வந்தாள், அன்று காலையில் அந்தக் குழாயில் பிடித்த தண்ணீர். வேறு எதுவும் சொல்லாமல் முதல் வரிசையில் இருந்தவரிடம் கொடுத்து, "மோந்து பாத்துட்டு அடுத்தவங்ககிட்டக் குடுங்க" என்றாள். பாட்டில் கைமாறிக் கைமாறிக் கடைசி ஆள் வரை போய்த் திரும்பி வரும்வரை பேசாமல் நின்றாள். அந்த யோசனை எனக்கு வந்திருக்க வேண்டும். ஆறு வருடத்தில் ஒருநாள்கூட ஏன் வரவில்லை?

கடைசியில், "எங்க வீட்டுக்காரரு இதுக்காக அறுபத்திரண்டு மனு எழுதியிருக்காரு. அவரு எழுதலேன்னா எனக்கு இந்தக் குழாய் எங்கருந்து எங்க போகுதுன்னே தெரிஞ்சிருக்காது" என்றாள். எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். பாய் என் தோளில் கை வைத்தார்.

இதுவரை எனக்கு யாரும் கைதட்டியதில்லை. வேண்டும் வேண்டும் என்று ஆறு வருடம் காத்திருந்தது, அவள் கையிலிருந்து வந்தது. சாப்பிட்டு மிச்சம் இருந்தால் கொடுப்போமே, அப்படிக் கொடுத்தாள். அவள் அப்படி நினைத்துக் கொடுக்கவில்லை என்று பாய் சொல்வார். நினைத்துக் கொடுத்திருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது செய்திருக்கலாம்.

பிப்ரவரி 12, சனி

ஜோதி வரைபட நோட்டைக் கேட்டாள். கடைசிச் சுற்று, ஒரு கதவு விடாமல் போக வேண்டுமாம். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்றேன். வெள்ளையடித்தபோது பழைய பேப்பரோடு போயிருக்கும் என்றேன்.

"தேடிப் பாருங்க" என்றாள்.

தேடினேன்.

பிப்ரவரி 13, ஞாயிறு

தேர்தலுக்கு ஆறு நாள்.

காலை ஏழரைக்குக் குழு வாசலுக்கு வந்துவிட்டது. நோட்டீஸ் கட்டுகள் தரையில். நான் சட்டை மாட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். ஜோதி கட்டுகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் நீல அட்டை நோட்டு.

"எங்க இருந்துச்சு?" என்றேன்.

"உங்க கடையில. உங்க மேசை டிராயர்ல, பூட்டுக்குள்ள. நேத்து பேனர் வாங்கப் போனேன்ல, உங்க முதலாளிகிட்டக் கேட்டேன். அவருகிட்ட இன்னொரு சாவி இருக்கு."

முதலாளிக்கு அறிவு கிடையாது. அடுத்தவன் டிராயரைத் திறந்து கொடுக்கிறான்.

நோட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தாள். ஒன்பதாம் பக்கம். வாய்க்கால்கரைத் தெரு. நடுவில் சிவப்பு மையில் கோடு. நல்ல கோடு, அளவுகோல் வைத்துப் போட்டது. கோட்டுக்குக் கீழே என் கையெழுத்து: தென்வரிசை, கதவு எண் 2 முதல் 38 வரை, வார்டு 47. அதற்கும் கீழே சின்ன எழுத்தில்: பால் பூத், ஸ்டெல்லா டீச்சர் வீடு உட்பட.

"இது பழசு" என்றேன்.

"தேதி போட்டிருக்கீங்க. எல்லாத்துக்கும் தேதி போடுவீங்கள்ல."

"அன்னைக்கு இருந்த அவசரத்துல..."

"அவசரம்லாம் இல்ல. ஒரு மணி நேரம் உக்காந்து பக்கம் பக்கமாப் புரட்டுனீங்க." அவள் சத்தம் போடவில்லை. வாசலில் இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று பேசினாள். "பாத்துட்டீங்களான்னு கேட்டேன். பாத்துட்டேன்னு சொன்னீங்க. சொல்லும்போது நீங்க படிவத்தப் பாக்கல. என்னயப் பாத்தீங்க. நேரா என் மூஞ்சியப் பாத்துச் சொன்னீங்க."

நான் சட்டைப் பொத்தானைப் போட்டேன்.

"அதான் வெள்ளிக்கெழம பாயக் கூட்டிக்கிட்டு ரெண்டாவது செட்டப் போட்டேன். எது தப்புன்னு எனக்குத் தெரியாது. ஏதோ இருக்குன்னு மட்டும் தெரியும். அன்னைக்கும் மூணு மணி வரைக்கும் போனையே பாத்துக்கிட்டு இருந்தேன், நீங்க கூப்புட்டுச் சொல்லுவீங்கன்னு. கூப்புட்டுச் சொல்லிருந்தா ரெண்டாவது செட்டப் பத்தி நானே சொல்லிருப்பேன். சிரிச்சிருப்போம்."

"ஜோதி, ஒதுக்கீடு மட்டும் வரலேன்னா..."

"வந்துருச்சுல்ல. நாம்பாட்டுக்கு ரத்தம் எடுத்துக்கிட்டு இருந்தேன். நீங்கதான் நிக்கச் சொன்னீங்க." நோட்டின் மேல் விரலை வைத்தாள், டீச்சர் வீட்டின் மேல். "என்னயத் தள்ளி விட்டிருந்தாக்கூட நான் வீட்டுக்கு வந்து சோறாக்கிருப்பேன். அந்தம்மா நாலு நாளு வெளிய வரல. அந்தப் பதினேழு வீட்டுக்காரங்க உங்களுக்கு என்ன பண்ணாங்க?"

வெளியே பாய் குரல் கொடுத்தார். "ஆத்தா, வெயில் ஏறுது. மாரி, கட்ட எடுத்துக்கிட்டு வாப்பா."

நான் நோட்டீஸ் கட்டை எடுக்கக் குனிந்தேன். அவள் கட்டின் மேல் கை வைத்தாள். ரத்தம் எடுக்கும்போது முழங்கையைப் பிடித்துக்கொள்வாளே, அப்படி. அழுத்தவில்லை. ஆனால் அசைக்க முடியாது.

"தெரிஞ்சுதான் செஞ்சீங்களா, தெரியாமலா? எது சொன்னாலும் நான் இப்ப வெளிய போகணும், ஓட்டுக் கேக்கணும். சண்டையெல்லாம் போட மாட்டேன். ஆனா நீங்க என் பின்னாடி வரணும்னா சொல்லிட்டு வாங்க."

ஆயிரம் கடிகாரங்களும் இரண்டு பத்து காட்டிக்கொண்டிருந்தன. பாய் மறுபடி கூப்பிட்டார். யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். நான் கட்டைப் பார்த்தேன், அவள் கையைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சொல்லுங்க" என்றாள்.